கம்புக்குக் குறுக்கே நின்ற அம்மா

அம்மா இல்லாமல் ஓராண்டைக் கடந்துவிட்டோம். இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்கள் பலருக்கு எங்கள் வீட்டில் நடந்தது அரைகுறையாகவே தெரியும். அதை மறைக்காமல் எழுதிவிடு என்று அண்ணனே சொன்னதால் எழுதுகிறேன்.

அம்மா தாடிக்கொம்பை அடுத்த சிற்றூரில், மல்லிகை பயிரிட்ட கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். படித்துத் திண்டுக்கல்லில் தொடக்கப் பள்ளி ஆசிரியையானார். அப்பா இளம் வயதிலேயே காலமானார். அதன்பின் எங்கள் இருவரையும் வளர்த்தது அம்மாவின் உழைப்பும் செபமும்தான். வியாழன்தோறும் எங்கள் வீட்டில் செபக்கூட்டம் நடக்கும். நமது போராட்டம் மனிதரோடு அல்ல, கண்ணுக்குத் தெரியாத தீய சக்திகளோடு என்று பவுலடியார் எபேசு மக்களுக்கு எழுதியதை அம்மா விளக்கும்போது தெருப் பெண்கள் அசையாமல் கேட்பார்கள். விசுவாசம் என்னும் கேடயத்தைத் தாண்டி எந்த அம்பும் வராது என்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் அண்ணன் நோயுற்றார். கல்லூரிக்குப் போவதை நிறுத்தினார். தன்னை யாரோ பெயர் சொல்லித் திட்டுவதாகச் சொன்னார். சோற்றுக்கு வைத்த வெஞ்சனத்தில் அம்மா விஷம் கலப்பதாகச் சொல்லித் தட்டைத் தள்ளினார். அம்மா உபவாசம் இருந்தார். முழங்காலில் நின்று மன்றாடினார். எதுவும் மாறவில்லை.

"மதினி, இது காத்துக் கருப்பு வேலைதான். கன்னிவாடிப் பக்கம் அத வெரட்டுற ஒரு ஊழியக்காரரு இருக்காரு. கூட்டிட்டுப் போவோம்" என்றார் அப்பாவின் தம்பியான எங்கள் சித்தப்பா. அம்மா தயங்கினார். வேறு வழி தெரியாததால் சம்மதித்தார். நானும் உடன் போனேன்.

அது தகரம் வேய்ந்த ஒரு செபக்கூடம். அண்ணனின் கைகளைத் துண்டால் தூணில் கட்டினார்கள். ஊழியக்காரர் பிரம்பை எடுத்தார்.

"அடி உங்க மகனுக்கு இல்லம்மா. உள்ள இருக்கிறவனுக்கு. அவன் அதிகாரத்துக்குத்தான் கட்டுப்படுவான்."

முதல் அடியிலேயே அண்ணன் "அம்மா" என்று அலறினார். அடுத்த அடி அம்மாவின் முழங்கையில் விழுந்தது. அவர் குறுக்கே போய் நின்றிருந்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஐயா, பசாசு பிடிச்சுக் கல்லறையில கெடந்தவனக்கூட இயேசு சாமி வார்த்தையாலதான விடுவிச்சாரு. கம்பு எடுக்கலையே. அதிகாரம் அவரோடதுன்னா உங்களுக்கு இது எதுக்கு?"

"உங்களுக்கு விசுவாசம் பத்தாது. பெத்த மகனப் பிசாசுக்கே விட்டுட்டுப் போறீங்க" என்றார் அவர்.

"மதினி, செத்த நேரம் பேசாம இருங்க" என்றார் சித்தப்பா.

"கத்துனது பசாசு இல்லப்பா. எம் புள்ள. அம்மான்னுதான கத்துனான்" என்று சொல்லிக்கொண்டே அம்மா கட்டை அவிழ்த்தார். பேருந்தில் வீடு திரும்பும்வரை அண்ணனின் கையை அவர் விடவில்லை.

பிறகு மதுரையில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டினோம். மருந்தால் அண்ணனின் தொல்லை குறைந்தது, முற்றிலும் நீங்கவில்லை. மருந்தை நிறுத்திய காலங்களில் மீண்டும் முற்றியது. ஊழியக்காரரின் சொல்லோ அம்மாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. செபக்கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். "சொந்த வீட்டுல பசாச வச்சுக்கிட்டு நமக்குச் செபம் சொல்லித் தாராக" என்று தெருவில் ஒருவர் சொன்னதை அம்மாவே கேட்டுவிட்டு வந்தார். அந்த வியாழனும் செபமாலையை எடுத்து அமர்ந்தார். நானும் அவரும் மட்டும் சொன்னோம்.

ஒருமுறை என்னிடம் கேட்டார்: "அன்னைக்கு அவன அவுத்துக் கூட்டியாந்தது சரிதானா பாப்பா? சீடர்களாலயே ஒரு பையன்கிட்ட இருந்து பசாச வெரட்ட முடியலையே. விசுவாசம் பத்தலன்னுதான சாமி அவுகளக் கண்டிச்சாரு?"

பிறகு அவரே சொன்னார்: "அந்தப் பையனோட அப்பன், நம்புறேன், நம்பாத கொறையையும் நீரே தீரும்னு அழுதானே. நானும் அம்புட்டுத்தான்."

இரண்டாயிரத்துக்குப் பின் சில ஆண்டுகளில் அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தது. கடைசி நாட்களில் ஒரு பிற்பகல், என் கையை இறுகப் பற்றிக்கொண்டு, "அந்த மூலையில யாரோ நிக்கிறாக" என்றார். அவ்வளவு பயந்து அவரை நான் பார்த்ததில்லை. யாரும் இல்லையம்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நடுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அண்ணன் வந்து கட்டிலருகே அமர்ந்தார்.

"எனக்கும் இப்படித் தெரியும்மா. இல்லன்னு சொன்னாப் போகாது. நிக்கட்டும். நம்மகூட இருக்கிறவரு அவனவிடப் பெரியவரு. நான் இங்கனயே இருக்கேன்."

அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது சிறிதாக மூச்சு சீரானது. தூங்கினார். மறுநாள் காலை, அண்ணன் செபம் சொல்லிக்கொண்டிருக்கையில் அமைதியாகப் பிரிந்தார்.

அம்மாவுக்கு வலியில்லாமல் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், வீட்டுக்கே வந்து நற்கருணை வழங்கிய பங்குத்தந்தைக்கும், கடைசி மாதங்களில் வியாழன் செபத்துக்குத் திரும்பி வந்த தெருப் பெண்களுக்கும் எங்கள் நன்றி. மருத்துவமனைக்கு நாள் தவறாமல் சோறு கொண்டுவந்த சித்தப்பாவுக்கு நன்றி சொல்ல வார்த்தை போதாது.

அண்ணன் இன்றும் மருந்து எடுத்துக்கொள்கிறார். அன்று அவரை அவிழ்த்துக் கூட்டி வந்தது சரிதானா என்ற அம்மாவின் கேள்விக்கு எங்களிடம் இன்றும் விடையில்லை. ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்து கோவில் வாசலில் இந்த மலரை உங்கள் கையில் தந்தவர் அண்ணன்தான். புறப்படும் முன் அவரருகில் நின்று கொஞ்சம் பேசிவிட்டுப் போங்கள்.