வறட்சி அட்டையும் சனிக்கிழமைக்காரர்களும்

என் நாத்தனாருக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஆபீஸ் வேலை" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். உள்ளதைச் சொன்னால் விடிய விடிய விளக்க வேண்டும். அவள் அட்டை விளையாட்டு உருவாக்குகிறாள். சூதாடுகிற சீட்டுக்கட்டு இல்லை. ஆறு, மலை, புயல், படைவீரன் என்று ஒவ்வொரு அட்டையிலும் ஒரு படமும், அது என்ன செய்யும் என்று நாலு வரியும் இருக்கும். மூடிய பாக்கெட்டாக வாங்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும். சேர்த்த அட்டைகளில் பிடித்ததைப் பொறுக்கி ஆளாளுக்கு ஒரு கட்டு தயார் செய்து மோதுவார்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை புது அட்டைகள் வரும். அந்த நாலு வரியை எழுதுகிறவள் இவள். தலை நரைத்த மனிதர்கள்கூட இதற்குப் பைத்தியமாக அலைகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பிரேக் என்று நான் கத்தும்போது ஆக்சிலரேட்டரை மிதிக்கிற மகராசன்களின் பக்கத்தில் தினமும் உட்கார்ந்து வருகிறேன். எனக்கு அவ்வளவு சுலபத்தில் பயம் வராது. அப்படிப்பட்ட நானே அந்த வாரம் பயந்துபோனேன்.

நாத்தனார் பிறவிப் பயந்தாங்கொள்ளி. கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருவாள். போன் அடித்தால் முதலில் என் முகத்தைப் பார்ப்பாள். தங்கச்சிக்கு நிழலைக் கண்டாலும் பயம் என்று அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், கிண்டல் செய்வார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்குப் பயமே கிடையாது. தான் எழுதிய அட்டையை யாராவது குறை சொன்னால் முகம் மலர்ந்துபோகும்.

அதற்காகவே சனிக்கிழமைதோறும் ஆறு ஆட்டக்காரர்கள் ஆபீசின் பின்னறைக்கு வருவார்கள். அச்சுக்குப் போகாத அட்டைகளைச் சாதாரணத் தாளில் பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் செருகி அவர்கள் கையில் கொடுப்பாள். அவர்கள் ஆடிப் பார்த்துவிட்டு முகத்துக்கு நேராகத் திட்டுவார்கள். இது தேறாது என்பார் பல் டாக்டர். கல்லூரியில் படிக்கிற பெண் ஒருத்தி அவரைவிடக் கறார். நியாயமாகப் பட்டால் நாத்தனார் அன்றைக்கே அடித்து எழுதுவாள். ஆட்டத்தில் பாதி தன்னுடையது, மீதி அவர்களுடையது என்பது அவள் கணக்கு. அறையில் பார்த்ததைப் பற்றி வெளியே மூச்சுவிடக் கூடாது. அது ஒன்றுதான் நிபந்தனை.

அந்தத் தடவை வறட்சி என்று ஒரு புது அட்டை எழுதியிருந்தாள். அதை இறக்கினால் எதிராளியின் ஆற்று அட்டைகள் அத்தனையும் வற்றிப்போகும். ஆறுகளை வைத்தே கட்டு சேர்த்தவர்கள் கதை அதோடு முடிந்தது. முதல் சனிக்கிழமை அதைக் காட்ட மட்டும்தான் நேரம் இருந்தது. அடுத்த சனிக்கிழமை ஆடிப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டாள்.

இரண்டு மூன்று நாள் கழித்துக் காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். அவள் போனைப் பார்த்தாள். டம்ளரைக் கீழே வைக்கத் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பிடுங்கிப் படித்தேன். தெரியாத எண். "வறட்சியை எடுத்துடு. இல்லன்னா பச்சைக் கதவைத் திறந்து வெளியே வர்றப்ப பாத்து வா."

எங்கள் வீட்டு வாசல் கதவு பச்சை.

எந்த வெட்டிப்பயலோ என்று நான் திட்ட ஆரம்பித்தேன். அவள் தலையை ஆட்டினாள். வறட்சி என்ற பெயர் இன்னும் படம் வரைகிறவருக்குக்கூடப் போகவில்லை என்றாள். அந்தப் பெயரைக் கேட்டவர்கள் பின்னறையில் இருந்த ஆறு பேர் மட்டும்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது எங்கிருந்தோ கல்லெறிகிறவன் வேலை இல்லை. வாராவாரம் இவள் கையால் டீ வாங்கிக் குடிக்கிற ஒருவர்.

என் வீட்டுக்காரர் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார். என்ன சார், சீட்டாட்டத் தகராறா என்று கேட்டுவிட்டு, பணம் வைத்து ஆடுவீர்களா என்று அவரையே குடைந்திருக்கிறார்கள். மனிதர் கொதித்துப்போய்த் திரும்பி வந்தார். நாத்தனாரின் முதலாளியோ, அட்டையை எடுத்துவிடு, இல்லையென்றால் சனிக்கிழமைக் கூட்டத்தையே நிறுத்திவிடு என்று கையைக் கழுவினார். இரண்டுக்கும் இவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆடிப் பார்க்காமல் எடுத்தால் மிரட்டலுக்குப் பணிந்த மாதிரி. நிறுத்தினால் பாவம், மீதி ஐந்து பேரும் செய்யாத பழியோடு வீட்டுக்குப் போவார்கள். சனிக்கிழமை இல்லாவிட்டால் தனக்கு அட்டை எழுதவே வராது என்றும் சொன்னாள். சொல்லிவிட்டுக் குளியலறையில் போய் வாந்தி எடுத்தாள். அந்த வாரம் முழுக்க நான்தான் கதவைத் திறந்து தெருவைப் பார்த்துவிட்டு அவளை வெளியே விட்டேன். வண்டி ஏதாவது வீட்டு முன்னால் நின்றால் நானே ஜன்னலுக்கு ஓடினேன்.

சனிக்கிழமை நானும் கூடவே போனேன். டீ போட வந்த அண்ணி என்று அறிமுகம். மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பல் டாக்டர் சிரித்தால் இவரா என்று தோன்றியது, பஸ் கண்டக்டர் சிரிக்காவிட்டால் அவரா என்று தோன்றியது. ஒரு கணவன் மனைவி தங்களுக்குள் ஏதோ கிசுகிசுத்தார்கள். அந்த ஆறு பேரில் எனக்குப் பிடித்தவர் கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர்தான். ஆமை என்று கூப்பிடுவார்கள். ஒரு அட்டை போதுமென்றால் இரண்டாவதைத் தொட மாட்டாராம், அவ்வளவு நிதானம். நாத்தனாரின் மூக்குக்கண்ணாடிகூட அவர் கடையில் செய்ததுதான். ஒரு மழை நாளில் இவளை வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டுப் போனார். நல்ல மனுஷன் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

எல்லாருக்கும் ஆற்றுக் கட்டைக் கொடுத்து, வறட்சியைத் தன் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரோடும் ஆடினாள். அட்டையைக் கலைக்கும்போது இரண்டு தடவை கட்டு சிதறியது. டாக்டர் பார்த்துப் பார்த்து ஆடியும் தோற்றார். கல்லூரிப் பெண்ணும் அப்படித்தான். தோற்றதில் வருத்தமில்லை, ஆடவே விடவில்லை என்று இருவரும் சொன்னார்கள். கடைசியாக ஆமை உட்கார்ந்தார். எதிரில் வறட்சி இருக்கிறது என்று தெரிந்தும் தன் ஆறுகளையெல்லாம் ஒரே மூச்சில் மேசையில் பரப்பி, அத்தனையையும் வற்றவிட்டுத் தோற்றார். எனக்கு ஆட்டம் புரியாது. ஆனால் நாத்தனாரின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன்.

மற்றவர்களை டீ குடிக்க முன்னறைக்கு அனுப்பினாள். என்னைப் போக வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள்.

"இத்தனை வருஷத்துல நீங்க இப்படி ஆடினதே இல்ல," என்றாள். "வேணும்னே தோத்தீங்க. அந்த அட்டை மோசம்னு காட்டணும், அதானே?"

அவர் மறுக்கவில்லை. தன் கட்டை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

"வாயால சொல்லியிருந்தா நான் மாத்தியிருக்க மாட்டேனா?"

"வருஷக்கணக்கா ஆறாத்தான் சேத்து வச்சிருக்கேன். மாத்தாம விட்டுட்டா என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சு மேடம்," என்றார். பிறகு, கண்ணாடி பவர் கேட்கிற அதே சாந்தமான குரலில், "இப்ப எடுத்துடுவீங்கல்ல?" என்று கேட்டார்.

அவன் முகத்தில் இரண்டு அறை விட வேண்டும் என்று எழுந்தேன். எழுந்தவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். பிடிபட்ட பிறகும் அந்த மனிதனுக்கு அட்டைதான் கவலை. போங்கள், இனிமேல் வராதீர்கள் என்று நாத்தனார்தான் சொன்னாள். அவர் நாற்காலியை மேசைக்குள் ஒழுங்காகத் தள்ளிவிட்டுப் போனார்.

மீதி ஐந்து பேரிடமும் விஷயத்தைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை மேடம் என்று மட்டும் அந்தப் பெண் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து வறட்சி அட்டையை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாற்றினால் அவன் ஜெயித்ததாக நினைப்பான். மாற்றாவிட்டால் டாக்டரும் அந்தப் பெண்ணும் ஆடிச் சொன்னதற்கு என்ன மரியாதை? "நியாயத்துக்கு மாத்துறேனா, பயந்து மாத்துறேனான்னு எனக்கே தெரியல அண்ணி," என்றாள். கடைசியில், ஒரு ஆறு மட்டும் வற்றும் என்று திருத்தி அச்சுக்கு அனுப்பினாள்.

அதற்கடுத்த சனிக்கிழமையும் துணைக்குப் போனேன். ஐந்து பேரும் வந்திருந்தார்கள். புது அட்டைகளைக் கொடுத்தாள். ஆடினார்கள். டாக்டர் ஒரு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். நாத்தனார் சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். எப்போதும் அட்டையைப் பார்க்கிறவள், அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தாள். டாக்டர் அதைக் கவனித்துவிட்டார். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது என்று அட்டையைக் கீழே வைத்தார். அடுத்து கண்டக்டர், நன்றாக இருக்கிறது. கணவன் மனைவி, நன்றாக இருக்கிறது. கறார்ப் பெண்ணும் குனிந்த தலை நிமிராமல் அதையே சொன்னாள்.

திரும்பி வரும்போது காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து நாத்தனார் அழுதாள். மிரட்டல் வந்த அன்றைக்குக்கூட அவள் அழவில்லை.

"எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க அண்ணி," என்றாள்.