விரதத்தில் விட்ட குளுசை

உடுப்பிட்டி உதயகலா மருந்தெடுக்க மாதாமாதம் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறுவாள். மாமியார் சின்னாச்சியிடம், "தைக்கிற சாமான் வாங்கப் போறன் மாமி" என்பாள். எச்.ஐ.வி. என்ற சொல்லைக் கணவனோடு சேர்த்தே எரித்துவிட்டதாக அவளுக்கு நினைப்பு. நல்லகாலம், மகள் கஜந்தினிக்கு அது தொற்றவில்லை. பிள்ளை படித்துத் தன் காலில் நிற்கும்வரை தான் உயிரோடு இருக்க வேண்டும். முருகனிடம் அவள் கேட்டது அவ்வளவுதான்.

கேட்ட விதம்தான் பிழையாய்ப் போனது. வருடாவருடம் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசம். மருந்துக் குளுசையும் வாயில் படக்கூடாதென்று தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். கோயில் ஐயரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன வருத்தத்துக்கு மருந்தென்று அவர் திருப்பிக் கேட்பாரே!

இந்த வருடம் இரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது.

"குளுசையை இடையிலை விட்டனீங்களோ?" என்று டொக்டர் கேட்டார்.

"இல்லை டொக்டர்."

"இனி ரெண்டு வழி இருக்கு. ஒண்டு சாப்பாட்டோடைதான் எடுக்கவேணும், வயித்தையும் குழப்பும். மற்றது நாளுக்கு ஒருக்கா, வெறுவயித்திலையும் எடுக்கலாம். உண்மையைச் சொன்னாத்தான் எது உங்களுக்குத் தோதெண்டு பாக்கலாம்."

உதயகலா அழுதுகொண்டே விரதத்தைச் சொன்னாள். டொக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"நீங்கள் விடேக்கை கிருமி அந்த மருந்துக்குப் பழகிப்போச்சு. இனி அந்த மருந்து கேளாது. இதையும் விட்டியளெண்டால் அங்காலை வழி குறைவு" என்று சொல்லி, நாளுக்கு ஒருமுறை எடுக்கும் குளுசையைக் கொடுத்தார்.

ஐப்பசியில் சஷ்டி பிறந்தது. முதல்நாள் காலை புதுக் குளுசையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, விழுங்குவதா விடுவதா என்று அடுப்படியில் தவித்து நின்றாள். சின்னாச்சி வந்தார். தன்னுடைய தகரப் பேணியைத் திறந்து ஒரு குளுசையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"மாமி, விரதமெல்லே?"

"அதுக்கென்ன பிள்ளை? மருந்துக்கு விரதம் முறியுமே? எந்தச் சஷ்டிக்கும் நான் பிரஷர் குளுசையை விடேல்லை. நீ கிணத்தடியிலை முழுகேக்கை போட்டிடுவன்."

உதயகலா சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒரே அடுப்படி, ஒரே செம்பு. இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பழைய மருந்தே இன்னும் கேட்டிருக்கும். பாழாய்ப்போன வாய்!

"என்ன பிள்ளை, தலை சுத்துதோ? இந்தா, ஒரு மிடறு குடி."

சின்னாச்சி நீட்டிய செம்பை வாங்கி, அவருக்கு முதுகைக் காட்டி நின்று, உதயகலா தன் குளுசையை விழுங்கினாள்.