நான் அவரோடுதான் வந்தேன்

பி.ஆர். அட்டையைக் காப்பாற்றுவது என்பது சம்பளமும் இல்லாத, விடுமுறையும் இல்லாத ஒரு முழுநேர உத்தியோகம். அதே உத்தியோகத்தில் கிடந்து அல்லாடும் உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்களுக்காக நாலு வரி. நான் கனடாவில் பி.ஆர்., அதாவது நிரந்தர வசிப்புரிமை, வாங்கியவள். என் கணவர் செந்தில் அந்த நாட்டுக் குடிமகனாகவே ஆகிவிட்டவர். என்னைப் போன்றவர்கள் ஐந்து வருடத்தில் இரண்டு வருடமாவது அங்கே இருந்தாக வேண்டும். ஒரே ஒரு சலுகை உண்டு. குடிமகனான கணவரோடு கூடப் போய் வேறு நாட்டில் வாழ்ந்தால், அந்த நாட்களையும் அங்கே இருந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

கம்பெனி அவரைக் கச்சிபௌலி அலுவலகத்துக்கு மாற்றியதால் நாலு வருடமாக ஹைதராபாத்தில் இருக்கிறோம். இந்த வருடம் கனடாவுக்கே திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள். அவரும், கனடாவிலேயே பிறந்த எங்கள் மகள் நிலாவும் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். என் அட்டை மட்டும் காலாவதியாகிவிட்டது. பயண ஆவணம் கேட்டு விண்ணப்பித்து, இத்தனை நாளும் கணவரோடுதான் வாழ்ந்தேன் என்று நான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் விமானத்தில் ஏற முடியாது, உரிமையும் பறிபோய்விடும். அவர்கள் இரண்டு பேரும் அங்கே, நான் மட்டும் இங்கே, மறுபடி முதலிலிருந்து வரிசையில்.

என் பெயரில் என்ன இருக்கிறது

ஒரே முகவரியில் இரண்டு பேர் பெயரும் வருகிற காகிதங்கள் வேண்டும் என்றார்கள். பீரோவைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினோம். வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில். இன்டர்நெட், கேஸ், கார் எல்லாம் அவர் பெயரில். கரண்ட் பில் வீட்டு ஓனர் பெயரில். என் பெயர் போட்டு வந்தவை ஒரு பல் டாக்டர் சீட்டும், பிளவுஸ் தைக்கக் கொடுத்த ரசீதும்தான். ரசீதிலும் இனிஷியல் தப்பு.

நாலு வருடம் அந்த வீட்டில் சமைத்து, துவைத்து, தண்ணீர் லாரிக்கு ஃபோன் போட்டு, குழாய் ரிப்பேர்காரரிடம் மல்லுக்கட்டியவள் நான். இவர் காலையில் போனால் ராத்திரி வருகிறவர். காகிதக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார் பாருங்கள், “இத்தன வருசமா நீ எங்கதான்டி இருந்த?”

விரல்

அடுத்து, குடும்பமாக எடுத்த படங்கள். ஃபோனில் ஆயிரக்கணக்கில் இருக்கிறதே என்று தைரியமாகத் திறந்தேன். சார்மினாரில் அவரும் நிலாவும். பள்ளி ஆண்டு விழாவில் அவரும் நிலாவும். பிறந்தநாள் கேக் முன்னால் அவரும் நிலாவும். எடுத்ததெல்லாம் நான்தானே, எப்படி வருவேன்? “ஒன்ன எடுக்கறேன் நில்லு” என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கோபமா அழுகையா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். நிலாவுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கும் இங்கிலீஷும் கலந்து வரும். என் மடியில் ஏறி ஃபோனை வாங்கினாள், ஒரு படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கிக் காட்டி ஆறுதல் சொன்னாள்: “இதிகோ அம்மா, யுவர் ஃபிங்கர்.”

சண்டைக்குச் சாட்சி

காகிதம் கைவிட்ட பிறகு மனிதர்களிடம் போனேன். எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் ஜெயராஜ் சார், கீழ் வீட்டுக்காரர். இதே ஊர் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழர், பேச்சில் ஹைதராபாத் உருது கலந்துவிடும், ‘எதுக்கு’ என்பதற்குக்கூட ‘கைக்கு’ என்பார். நாங்கள் சேர்ந்துதான் வாழ்கிறோம் என்று சங்கத்தின் கடிதத்தாளில் எழுதித் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். சந்தேகம் வந்து நாலு கேள்வி கேட்பார் என்று நினைத்தேன். அவர் பாட்டுக்குப் பேனாவைத் திறந்துவிட்டார். குடிவந்த நாள், காவலாளியின் பதிவேட்டில் எங்கள் வண்டி எண், விநாயகர் சதுர்த்திக்கு நாங்கள் இரண்டு பேரும் பந்தலில் சுண்டல் விநியோகித்தது வரை ஒன்று விடாமல் எழுதினார். அந்தப் பந்தல் படத்தில்தான் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக இருந்தோம். அதையும் அவரே தேடி எடுத்துக் கொடுத்தார்.

இவ்வளவு உறுதியாக எழுதுகிறாரே, நாளைக்கு யாராவது ஃபோன் போட்டு விசாரித்தால் அவருக்குத் தொந்தரவாகுமோ என்று எனக்கு உறுத்தியது. சொன்னேன். முத்திரையை அழுத்திக் குத்திவிட்டு நிமிர்ந்தார். “கேக்கட்டும்மா, ஒண்ணும் பர்வா நை. டெய்லி காலைல ஒங்க சண்ட கீழ எனக்குத்தான கேக்குது, ஒண்ணா இல்லாம கைக்கு சண்ட போடுவீங்க?”

ஆடிக்கு முந்தின வெள்ளி

விண்ணப்பம் தயாரித்துத் தந்த ஷீபா, நாகர்கோவில் பெண். எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் முகம் மாறிவிட்டது. நான் இந்தியாவில் இறங்கி மூன்று வாரம் கழித்துத்தான் என் கணவர் இறங்கியிருந்தார். ஏன் என்றாள்.

அது என் கைங்கரியம். ஆடி பிறந்துவிட்டால் புது வீட்டில் பால் காய்ச்சக் கூடாதே. அவருக்கோ அங்கே வேலையை ஒப்படைக்க நாளாகும் என்றார்கள். எல்லாரும் சேர்ந்தே போவோம், ஆடி முடிகிறவரை கம்பெனி விருந்தினர் விடுதியில் இருந்துகொள்வோம் என்றுதான் அவர் சொன்னார். நான் கேட்கவில்லை. நிலாவை இழுத்துக்கொண்டு முன்னால் வந்து, ஆனி கடைசி வெள்ளியில் பாலைக் காய்ச்சிவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

ஷீபா சிரிக்கவில்லை. கணவரோடு கூடப் போனவளுக்குத்தான் சலுகை. இந்தத் தேதிகளைப் பார்த்தால், பெண்டாட்டி தன் ஊருக்குத் திரும்பிவிட்டாள், புருஷன் பின்னாலேயே வந்து சேர்ந்தான் என்றுதான் அதிகாரிக்குத் தோன்றும், அப்படித் தோன்றினால் நாலு வருடமும் வீண் என்றாள். என் பிடிவாதமே என்னை நடுத்தெருவில் நிறுத்திவிட்டது. விளக்கக் கடிதம் எழுதலாம் என்று கணினியைத் திறந்தவள், பாவம், முதல் வரியை நாலு தடவை அடித்து அழித்தாள். “ஆடி மாசத்த நான் இங்கிலீஷ்ல எப்பிடிக்கா எழுதுவேன்?”

போக வைத்த ஓனர்

எங்கள் வீட்டு ஓனர் சுப்பாராவ் காரு (நம்ம ‘சார்’தான் தெலுங்கில் ‘காரு’), ஓய்வுபெற்ற அரசாங்க எஞ்சினியர். சென்னையில் சில வருடம் வேலை பார்த்ததால் தமிழ் பேசுவார். எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போடாத மனிதர். அந்தப் பழக்கத்தை வைத்து நாங்கள் அவரைக் கிண்டல் செய்யாத நாள் இல்லை. ஷீபாவின் யோசனைப்படி அவரிடம் போய் அழாக்குறையாக விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போனவர் ஒரு தடித்த கோப்போடு வந்தார். வீடு பேசி முடித்த சமயத்தில் செந்தில் கனடாவிலிருந்து எழுதிய மின்னஞ்சலை அச்செடுத்துத் துளை போட்டுக் கோத்து வைத்திருந்தார். கம்பெனி என்னை ஹைதராபாத்துக்கு மாற்றியிருக்கிறது, குடும்பம் என்னோடு வருகிறது, வேண்டாத மாதம் பிறக்கும் முன் பால் காய்ச்ச மனைவி மட்டும் சில நாள் முன்னால் வருவாள் என்று அதில் தெளிவாக இருந்தது. எங்களுக்கும் ஆஷாடம் என்று ஆகாத மாதம் ஒன்று உண்டு, தாராளமாக வரட்டும் என்று ஓனர் எழுதிய பதிலும் கூடவே இருந்தது. அந்தக் கோப்பைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதோடு விட்டாரா? தானே ஒரு சாட்சிக் கடிதம் எழுதி, தெரிந்த நோட்டரி நாச்சாரத்தில் இருக்கிறார் என்று, ஊருக்கு அந்தக் கோடி வரை சித்திரை வெயிலில் தன் ஸ்கூட்டரில் வந்தார். நாங்கள் காரில் கூப்பிட்டும் ஏறவில்லை, வண்டியை நிறுத்த இடம் கிடைக்காதாம். நோட்டரியின் வாசலில் வேர்த்து வடிய நின்றவரிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டி நான் நன்றி சொன்னபோது, தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “டெனன்ட்ட காலி பண்ண வைக்க ஓனருங்க கோர்ட்டுக்கு போவாங்க அம்மா. காலி பண்றதுக்கு சாட்சி சொல்ல வந்த ஓனர் நான் ஒருத்தன்தான்.”

எழுதிக் கொடுத்தது

எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினோம். ஆறு வாரம் நான் சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. “நீங்க நிலாவக் கூட்டிட்டுப் போங்க, பள்ளிக்கூடம் வீணாகக் கூடாது, நான் பின்னால வர்றேன்” என்று தினமும் சொல்வேன். அவர் “பாப்போம்” என்பார், அவ்வளவுதான். மனிதருக்கு என் கவலையே இல்லையோ என்று உள்ளுக்குள் பொருமினேன். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை என் பாஸ்போர்ட் வந்தது, உள்ளே பயண ஆவணத்தோடு. சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

மறுநாள் அவருடைய மேலாளர், கோயம்புத்தூர்க்காரர், வாழ்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார். என்னைவிட அவருக்குத்தான் நிம்மதி அதிகம் போலிருந்தது. என்னங்க இவ்வளவு சந்தோஷம் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துச் சொல்லிவிட்டார்: “பின்ன என்னங்க சிஸ்டர், கனடாவுக்குத் திரும்ப மாத்தல் வந்த அன்னைக்கே, வீட்டுக்காரம்மா போனாத்தான் நான் அவங்க கூடப் போவேன், இல்லாட்டி இந்த வேலையே வேண்டாம்னு உங்க வீட்டுக்காரரு எழுத்துலயே குடுத்துட்டாருங்க.”

நல்லவேளை, அந்த ஒரு கடிதம் மட்டும் எங்கள் கோப்பில் சேரவில்லை. சேர்ந்திருந்தால், இவர்தான் எப்போதும் என் பின்னால் வருகிறவர் என்று அதிகாரிக்குச் சந்தேகமறத் தெரிந்து, என் பி.ஆர். அன்றைக்கே போயிருக்கும்.