கொக்கி, கூரை, கொம்பு

நம்ம பெயர்ப்பலகைக் கடைக்கு இன்னைக்கு ஒரு வெளிநாட்டு ஜோடி வந்தாங்க. ஐரோப்பாவுல இருக்கிற அவங்க வீட்டு வாசலுக்குப் பலகை வேணுமாம். குடும்பப் பேரு கோவாச். அவங்க ஊர்ல எழுதுற மாதிரி இங்கிலீஷ் எழுத்துல எழுதினா, கடைசி எழுத்துக்கு மேல குட்டியா 'வி' மாதிரி ஒரு குறி.

பாண்டிச்சேரியில பிரெஞ்சுப் பேருங்களுக்குக் குறி போட்டுப் பழகின கை நம்மளுது. அதனால, "இதுக்கு என்ன பேரு?"ன்னு மட்டும் கேட்டேன்.

"சின்னக் கொக்கி"ன்னாங்க மனைவி. அவங்க செக் நாடு.

"இல்ல, சின்னக் கூரை"ன்னாரு கணவர். அவரு ஸ்லோவேனியா.

ரெண்டு பேரும் விட்டுக்குடுக்கல.

நான் அதே பேரைத் தமிழ்ல எழுதி, "இது கொம்பு, இது கால்"னு காட்டினேன்.

"உங்க எழுத்துலயும் இப்படித்தானா!"ன்னு ரெண்டு பேரும் சிரிச்சதுல சண்டை நின்னு போச்சு. "அப்போ தமிழையே மேல போட்டுடுங்க, எங்க எழுத்து கீழ இருக்கட்டும்"னாங்க.

ஐரோப்பாவுல ஒரு வாசல்ல தமிழ் மேல நிக்கப் போகுது!

உங்க வீட்டுப் பலகையில எந்த மொழி மேல இருக்கு? போட்டோ போடுங்க, பாப்போம்.