காலணா வைத்த ஊசி

தாவீது முரடன் அல்ல. ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கிற ஜென்மமும் அல்ல. என் தங்கை சாராளைக் கட்டிய நாளிலிருந்து பார்க்கிறேன். திருவள்ளூர் பஜாரில் மைக் செட் கடை வைத்திருந்தான். கல்யாணமோ காதுகுத்தோ, அவன் ரிக்கார்டுதான் பாடும். ரிக்கார்டு ஓடும்போது ஊசி உள்பக்கமாக இழுபட்டு வழுக்கினால், ஊசி மாட்டிய கம்பிக்கையின் தலையில் ஒரு செம்புக் காலணாவை வைத்து அமுக்குவான். மைக் செட்காரர்கள் எல்லாருக்கும் அதுதான் வைத்தியம்.

"அது தானா உள்ள ஓடுது மாப்ளே. வெளிப்பக்கமா இழுக்கற மாதிரி ஒரு நூல் கட்டி, சின்ன நட்டு ஒண்ணு தொங்கவுடு. நின்னுக்கும்" என்று பலமுறை சொன்னேன்.

"நூலு கட்டறதுக்கு இது இன்னா பட்டமா மச்சான்?" என்று சிரிப்பான்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் ஒருநாள் பழவேற்காட்டிலிருந்து பத்ருன்னிசா வந்தாள். கணவர் அசன் முகைதீன் பினாங்கில் கடை வைத்திருந்தவர். அங்கே காசு போட்டால் நம் குரலைப் பதிந்து தரும் பெட்டி உண்டாம். அதில் பேசி ரிக்கார்டை அனுப்பியிருந்தார். அது வந்து சேர்வதற்குள் அவர் இறந்த தந்தி வந்துவிட்டது. பாவி மனுஷன். அந்தக் குரலை ஒருதரம் கேட்க வேண்டும், அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

தாவீது போட்டான். ஸலாம் சொல்வது கேட்டது. உடனே ஊசி சர்ரென்று வழுக்கி நடுவில் போய் நின்றது. மறுபடி போட்டாலும் அப்படியே.

"ரிக்கார்டு மெத்துனு இருக்குது. காசு கீசு வெச்சிடாத, சுரண்டிடும். நூல் வாங்கினு வரேன்" என்று தையல் கடைக்கு ஓடினேன்.

அவனுக்குப் பொறுக்குமா? அவள் அழுகையைப் பார்த்துப் பதறிப்போய்க் காலணாவை வைத்துவிட்டான். நான் திரும்பியபோது ரிக்கார்டு முழுக்க ஓடி முடிந்திருந்தது. குரல் வந்ததுமே அவள் வாய்விட்டுக் கதறியிருக்கிறாள். ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை.

"இன்னொருவாட்டி போடுங்கண்ணே" என்றாள், முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு.

போட்டான். வெறும் இரைச்சல். ஊசி உழுத இடமெல்லாம் கறுப்பு மாவு. நூலைக் கட்டி ஓட்டிப் பார்த்தோம். ஊசி வழுக்காமல் கடைசிவரை போனது, இரைச்சலோடு.

"அண்ணே, நீங்க கிட்டத்துல நின்னீங்களே. அவரு என்னா சொன்னாரு?"

தாவீது காலணாவை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டான். "ஊசியத்தாம்மா பாத்துக்கினு இருந்தேன்."

"புள்ளைங்களப் பத்தி ஏதாச்சும்?"

"காதுல ஏறலம்மா."

"நல்லா நெனச்சுப் பாருங்கண்ணே" என்று அவள் அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.