இன்னும் சா

செல்லூரிலிருந்து தத்தனேரிச் சுடுகாட்டுக்குப் போகிற பாதை திரும்பும் முக்கில் ஒரு வாசகசாலை இருந்தது. தறி நூல் வியாபாரி விருமாண்டி தன் தகப்பனார் நினைவாகக் கொடுத்த ஒற்றை அறை. இரண்டு அலமாரி, ஒரு நீள மேசை, மூன்று பெஞ்சு. சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்கூடம். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் தறிச் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டே இருக்கும். இடையிடையே சங்கும் தப்பும் கேட்டால், யாரோ தெருவைக் கடந்து போகிறார்கள் என்று அர்த்தம்.

அந்த வாசகசாலையைப் பார்த்துக்கொண்டவர் ஆரோக்கியநாதன். முன்பு பாதிரிமார் அச்சுக்கூடம் ஒன்றில் எழுத்துக் கோத்தவர். ஈய எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கியதும் இந்த வேலைக்கு வந்தார். காலையில் தென்கரையிலிருந்து கல்பாலம் வழியாக ஆற்றைக் கடந்து வருவார். கூட்டுவார். முந்தின நாள் பத்திரிகைகளைத் தைத்துக் கட்டுவார். இராமபாணப் பூச்சி வராமல் இருக்க அலமாரித் தட்டுகளில் வசம்புத்தூள் தூவுவார். பிறகு வாசலில் ஒரு வாளியில் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களின் கையைப் பார்ப்பார்.

"கையைக் காட்டு."

நெசவாளிகளின் விரலில், தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சி காய்ந்து ஒட்டியிருக்கும். அந்த விரல் பட்ட தாளைப் பூச்சி தேடி வந்து தின்னும். ஆகையால் கை கழுவாமல் யாரும் புத்தகத்தைத் தொட முடியாது. புத்தகம் அந்த அறையை விட்டு வெளியே போகவும் முடியாது.

அவரும் படிப்பார். அச்சுக்கூடத்துப் படிப்பு. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, பிழை கண்ட இடத்தில் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். "இந்தப் புத்தகம் படிச்சிட்டீங்களா அய்யா?" என்று யாராவது கேட்டால், "பிழை பார்த்தாச்சு" என்பார். கதை என்ன என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

அவர் தலைக்கு மேல் ஒரு பலகை தொங்கியது: மனதுக்குள் படிக்கவும்.

அந்தப் பலகையோடு சண்டை போட்டவர் மொக்கையன் ஒருவர்தான். தறிக்காரர். நாற்பது வயதுக்கு மேல் இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்றவர். வாய்விட்டுத்தான் படிப்பார். அதுவும் தறி ஓடுகிற கணக்கில். குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகிற நேரத்துக்கு மூச்சை நிறுத்துவார். சொல் எங்கே அறுந்தாலும் அவருக்குக் கவலையில்லை. "கப்ப... லேறிப்போன... வன் திரும்பி... வரவில்லை" என்று அவர் படிப்பதைக் கேட்டால், சுவருக்கு அந்தப் பக்கத்துத் தறியே பேசுவது போல இருக்கும்.

"மொக்கையா, மனசுக்குள்ள படி."

"மனசுக்குள்ள படிச்சா யாருக்கு அய்யா கேக்கும்?"

"உனக்குக் கேட்டாப் போதும்."

"எனக்கே கேக்கலையே அய்யா."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆரோக்கியநாதன் அவரைக் கடைசி பெஞ்சில் சுவர் ஓரமாக உட்காரச் சொன்னார். அங்கே தறிச் சத்தத்தில் அவர் குரல் அமுங்கிவிடும்.

1938-ஆம் வருஷம் ஐப்பசி மாதம், புதிதாக வந்த ஒரு கதைப் புத்தகத்தை மொக்கையன் படித்துக்கொண்டிருந்தார். கப்பலேறிப் போன ஒருவன் பல வருஷம் காணாமல் போய், ஊரெல்லாம் அவனைச் செத்தவன் கணக்கில் வைத்துவிட்ட பிறகு, ஒருநாள் தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். மனைவி வந்து திறக்கிறாள். அந்த இடத்தில் பக்கம் முடிந்தது. மொக்கையன் தாளைத் திருப்பப் பார்த்தார். வரவில்லை. பைண்டு செய்தபோது அந்த ஒரு தாள் மட்டும் மடிப்பு உள்வாங்கி, வெட்டுக்குத் தப்பியிருந்தது. மேலேயும் ஓரத்திலேயும் மூடிக் கிடந்தது.

பக்கத்தில் இருந்த சிவனாண்டி, மொக்கையனின் மைத்துனர், புத்தகத்தை வாங்கி அடிப்பக்கத்து இடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"என்ன மாப்ள தெரியுது?"

"இருட்டா இருக்கு. அவ வீட்டுல விளக்கு ஏத்தல போல."

"வெளையாடாத. கடைசி வரியைப் பாரு. அவனை ஏற எறங்கப் பாத்துட்டு, 'இன்னும் சா'ன்னு கேக்குறா. அதோட நிக்குது. சான்னா என்ன?"

"என்னவா? இன்னும் சாகலையான்னு கேக்குறா. எங்க அக்கா உன்னையக் கேக்குற மாதிரி."

பெஞ்சு அதிர்ந்தது. மொக்கையன் சிரிக்கவில்லை. "இம்புட்டுத் தூரம் கடலைத் தாண்டி வந்தவனை ஒருத்தி அப்படிக் கேப்பாளா?" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை நேரே மேசைக்குக் கொண்டுபோனார்.

ஆரோக்கியநாதன் அந்தக் கடைசி வரியைப் பார்த்தார். அவர் சொன்னதைப் பிறகு பலரும் நினைவு வைத்திருந்தார்கள்.

"அச்சு முறைன்னு ஒண்ணு இருக்கு மொக்கையா. சொல்லை உடைச்சு அடுத்த வரிக்குக் கொண்டுபோனா, வரியோட தலையில புள்ளி எழுத்து நிக்கக் கூடாது. எழுத்துக் கோக்க வர்றவனுக்கு அதுதான் முதல் பாடம். இங்க 'சா'வோட உடைச்சிருக்கான். அப்ப அடுத்தது புள்ளி எழுத்து இல்லை. 'க'தான். சாகவில்லையான்னுதான் இருக்கும்."

"அப்படியா அய்யா?" மொக்கையன் குரல் இறங்கிவிட்டது. "எதுக்கும் வெட்டிப் பாத்துரலாமே."

"சனிக்கிழமைதான் தாள் வெட்டுவேன். இப்ப கண்டதைக் கொண்டு கிழிச்சா ஓரம் பிய்ஞ்சு போகும். அதுவரைக்கும் மூடின தாளை விட்டுட்டு, அதுக்கு அடுத்த பக்கத்துல இருந்து படி."

"நூல் அறுந்தா முடிச்சுப் போடாம யாரு அய்யா தறி ஓட்டுவாக? நான் காத்திருக்கேன்." மடியிலிருந்து ஒரு நூல் துண்டை எடுத்து அந்தப் பக்கத்தில் அடையாளம் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் அவருக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை சங்குச் சத்தம் கேட்டு ஆரோக்கியநாதன் வழக்கம்போல வாசல் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, இடுக்கு வழியாகப் பார்த்தார். முன்னால் கொள்ளிச்சட்டியோடு சிவனாண்டி போனார். போவது மொக்கையன் என்று அப்போதுதான் ஆரோக்கியநாதனுக்குத் தெரிந்தது. சிலுவை போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை எலும்புக் கத்தியால் தாள் வெட்டும்போது அந்தப் புத்தகமும் கைக்கு வந்தது. அதைக் கேட்டவர் இப்போது இல்லை. மற்றப் புத்தகங்களை முடித்துவிட்டு அதை அப்படியே அலமாரியில் வைத்தார்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு மத்தியானம், கடைசி பெஞ்சில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த சிவனாண்டி சட்டென்று எழுந்து முன்னால் வந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. மறுநாள் வரவில்லை. அதற்கடுத்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த இன்னொருவர் வாசலுக்கு ஓடியே போனார். தெருவில் நின்று அவர்தான் சொன்னார்.

"காதுக்குள்ள சொல்லுது. 'இன்னும் சா... இன்னும் சா...'ன்னு. நம்மளச் சாகச் சொல்லுதுப்பா."

பேச்சு செல்லூர் முழுவதும் பரவியது. முதலில் கடைசி பெஞ்சு காலியானது, பிறகு நடுப் பெஞ்சு. மார்கழி வந்தபோது வாளித் தண்ணீரில் கை கழுவ ஆளில்லை. மதியத் தபாலில் வந்த பத்திரிகை, மடிப்புக் கலையாமல் மேசையில் கிடந்தது.

விருமாண்டி வந்து வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே கால் வைக்கவில்லை.

"என்ன லைப்ரேரி அய்யா, பேய் படிக்கிறதுக்கா எங்க அப்பா பேர்ல எடம் குடுத்தேன்?"

"பேயும் இல்லை, ஒண்ணும் இல்லை. பக்கத்துத் தறிச் சத்தம்."

"தறிச் சத்தம் இத்தனை வருசமா இருக்கு. ஒருத்தனும் ஓடலையே. பொங்கலுக்குள்ள ஆளு வந்தாச் சரி. இல்லைன்னா நூல் மூட்டையை அடுக்கிருவேன். மூட்டைக்குக் காது கெடையாது."

அவர் போன பிறகு ஆரோக்கியநாதன் அலமாரிகளைப் பார்த்தார். நூல் மூட்டை வந்தால் புத்தகங்கள் எடைக்குப் போகும். மங்கிய கண்ணோடு அவரும் வேறெங்கும் போக முடியாது.

அவருக்கும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தறிதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டிருந்தார். எதையும் சரிபார்க்காமல் விடுகிறவர் இல்லை அவர். அன்று மத்தியானம் தறிக்கூடத்துக்குப் போய், சற்று நேரம் எல்லாத் தறியையும் நிறுத்தும்படி கேட்டுக்கொண்டு திரும்பி வந்தார். தடக், தடக் என்ற சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. கடைசித் தறியும் நின்றது. தெருவிலும் ஆளில்லை. வெயில் ஜன்னல் வழியாகக் கடைசி பெஞ்சில் விழுந்திருந்தது.

சுவர் ஓரத்திலிருந்து, நாடா போகிற நேரத்துக்கு மூச்சை நிறுத்தி, தாழ்ந்த குரலில் வந்தது:

"இன்னும்... சா."

பிறகு ஒரு நிறுத்தம். தாளைத் திருப்பப் பார்த்து முடியாதவர் எடுத்துக்கொள்கிற அளவுக்கு. மறுபடி முதலிலிருந்து.

"இன்னும்... சா."

குரல் யாருடையது என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. கழுத்தில் கிடந்த ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். படிக்குக் கீழே மொக்கையன் மனைவி முத்துத்தாய் நின்றுகொண்டிருந்தாள்.

"அய்யா, ஊரே எங்க வீட்டு ஆளைப் பேயின்னு சொல்லுது. உங்ககிட்டக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். நெசமா?"

ஆரோக்கியநாதன் படியிறங்கி வந்தார். "காய்ச்சல்ல ஏதாவது சொன்னானா?" என்று கேட்டார்.

"என்னத்தச் சொன்னாரு... 'அவ அப்படிக் கேப்பாளா, கேப்பாளா'ன்னு அதே பேச்சு. யாரு அவ, என்னத்தக் கேட்டாள்னு எனக்கு ஒண்ணும் வெளங்கல. அவ கேக்க மாட்டாய்யா, நீ தூங்குன்னு சொல்லி வச்சேன்." அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நான் சொன்னது சரிதானே அய்யா?"

"நாளைக்கு மத்தியானம் வா" என்றார் ஆரோக்கியநாதன்.

மறுநாள் ஜன்னலையும் கதவையும் அகலத் திறந்து வைத்தார். முத்துத்தாய் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். சேதி கேட்டுச் சிவனாண்டியும் சில தறிக்காரர்களும் தெருவின் எதிர் ஓரத்தில் நின்றார்கள். எத்தனை மூட்டை பிடிக்கும் என்று அறையை அளக்க வந்த விருமாண்டியும் நின்றுவிட்டார். ஆரோக்கியநாதன் வாளியில் கை கழுவினார். புத்தகத்தை எடுத்து, நூல் துண்டு இருந்த இடத்தைத் திறந்தார். எலும்புக் கத்தியை மேல் மடிப்பில் விட்டு அறுத்தார். பிறகு ஓரத்தை. தாள் பிரிந்தது. எழுத்து கண்ணில் படுமுன் உள்ளங்கையால் பக்கத்தின் தலையை மூடிக்கொண்டார்.

'க' என்றுதான் இருக்கும் என்பதில் அவருக்குத் துளி சந்தேகமும் இல்லை. அச்சு முறை அது. செத்துப் போனவன் உட்கார்ந்து காத்திருக்கிற இடத்தில், இன்னும் சாகவில்லையா என்று தன் வாயால் எப்படிக் கேட்பது? ஜன்னலுக்கு வெளியே அவன் மனைவியும் நிற்கிறாள். மனதுக்குள் படித்துப் பார்த்துவிட்டு, கெட்டதாக இருந்தால் மூடி வைத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே மொக்கையன் சொன்னதும் நினைவுக்கு வந்தது. எனக்கே கேக்கலையே அய்யா.

வாழ்நாளில் முதல் தடவையாக அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தார். முந்தின பக்கத்துக் கடைசி வாக்கியத்திலிருந்து தொடங்கினார்.

"கதவைத் திறந்தவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, இன்னும் சா..."

இந்த இடத்தில் அவரோடு சேர்ந்து இன்னொரு குரலும் கடைசி பெஞ்சிலிருந்து படித்தது. தெருவில் நின்றவர்கள் ஓர் அடி பின்வாங்கினார்கள். ஆரோக்கியநாதன் தாளைத் திருப்பி, கையை எடுத்தார்.

வரியின் தலையில், நிற்கக் கூடாத இடத்தில், ஒரு புள்ளி எழுத்து நின்றது. எங்கேயோ ஒரு அச்சுக்கூடத்தில், முதல் பாடம் படிக்காத எவனோ கோத்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படித்தார்.

"...ப்பிடவில்லையா? என்று கேட்டாள். இலை போட்டுத்தான் வைத்திருக்கிறேன். கை கழுவிக்கொண்டு வாருங்கள் என்றாள்."

முத்துத்தாய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அவ கேக்க மாட்டான்னு சொன்னேன்ல" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

கடைசி பெஞ்சிலிருந்து, கதை கேட்கிறவர் சொல்பவருக்குக் கொடுக்கிற மாதிரி, தெளிவாக வந்தது:

"ம்."

ஆரோக்கியநாதன் அடுத்த வரியைப் படித்தார். நிறுத்தினால் மறுபடி "ம்" வந்தது. பக்கம் முடிந்து, அதற்கடுத்த பக்கமும் முடிந்தது. எதிர் ஓரத்தில் நின்ற சிவனாண்டி முதலில் தெருவைக் கடந்து படிக்கு வந்தார். அந்தக் கப்பல்காரனுக்கு இலையில் என்ன போட்டாள், என்ன குழம்பு என்று தெரியாமல் எப்படிப் போவது? மறுநாள் முன் பெஞ்சு நிறைந்தது. அதற்கடுத்து நடுப் பெஞ்சும். சுவர் ஓரத்து இடத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் 'மனதுக்குள் படிக்கவும்' பலகையைக் கழற்றியபோது, திரும்ப மாட்டும்படி ஆரோக்கியநாதன் சொல்லவில்லை. விருமாண்டி நூல் மூட்டைக்கு வேறு இடம் பார்த்தார். மாலையில் வந்து வாசல்படியில் உட்கார்ந்து, "நேத்து எதுல விட்டீக அய்யா?" என்று கேட்டுக்கொள்வார்.

பொங்கலுக்கு முந்தின நாள் புத்தகம் முடிந்தது. கடைசி வரியைப் படித்து மூடினார். எல்லோரும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒன்றும் வரவில்லை. தறிச் சத்தம் மட்டும் சுவர் வழியாக வந்தது.

"முடிஞ்சிருச்சு அய்யா" என்றார் சிவனாண்டி மெதுவாக. "இனிமே போயிருவாரு."

ஆரோக்கியநாதன் தலையாட்டினார். மேசையிலிருந்த கண்ணாடியை மடித்து உறையில் போட்டார்.

"ம்" என்றது கடைசி பெஞ்சு.

அவர் கண்ணாடியை உறையிலிருந்து திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டார். எழுந்து அலமாரிக்குப் போய் இன்னொரு புத்தகத்தை எடுத்து வந்தார். அதைத் திறக்குமுன், எங்கேயாவது ஒரு தாள் ஒட்டியிருக்கிறதா என்று ஓரம் முழுவதும் கட்டைவிரலால் மெல்லத் தடவிப் பார்த்தார். அதுவரைக்கும் எல்லோரும் காத்திருந்தார்கள்.