பெலிக்ஸ் சாருக்குக் காது கேட்காது

திருவரங்குளம் பக்கம் முதியோருக்காக வேலை செய்யும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராகச் சேருவதற்கு முன், பெலிக்ஸ் பதினெட்டு வருஷம் விதை விற்றவர். வேண்டாம் என்பவர் தலையிலும் ஒரு பாக்கெட் கத்திரி விதையைக் கட்டிவிடும் வாய். அந்த வாயை நம்பித்தான் வேலைக்கு எடுத்தார்கள். அதே வாய்க்குப் பயந்துதான் மூன்று நாள் பயிற்சிக்குப் புதுக்கோட்டைக்கும் அனுப்பினார்கள்.

அங்கே சொன்னது இவ்வளவுதான்: அறிவுரை சொல்லாதீர்கள். எதிரில் இருப்பவர் சொல்வதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். தன்னை ஒருவர் கவனிக்கிறார் என்று அவருக்குப் புரியும். பெலிக்ஸ் அதை நோட்டில் எழுதி இரண்டு தடவை அடிக்கோடிட்டார்.

திரும்பிய மறுநாளே காவ்யா வந்தாள். ஆலங்குடி ரோட்டோரம் பலாப்பழம் விற்கும் மீனம்மாளின் மருமகள்.

"அத்தைக்கு ரெண்டு வருசமாக் காது சரியாக் கேக்கல சார். ஒத்துக்கவும் மாட்டேங்குறாங்க. பொங்கலுக்கு லீவு கெடைக்கலம்மான்னு எங்க வீட்டுக்காரர் குவைத்துலேருந்து போன்ல சொன்னாரு. இவங்க, 'எம்புள்ள பொங்கலுக்கு வாரான்'னு தெரு பூரா சொல்லிட்டாங்க. கறி ஆக்கி வச்சுக்கிட்டு வாசலயே பாத்துக்கிட்டு இருந்தாங்க சார்."

சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

பெலிக்ஸ் போனபோது மீனம்மாள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார். முகம் பார்த்துப் பேசினால் அவளுக்குப் பாதிக்கு மேல் புரிந்துவிடும்.

"வியாபாரம் எப்படிக்கா போகுது?"

"என்னத்தப் போகுது. வெயிலு மண்டையப் பொளக்குது. பாதிப் பழம் அழுகிப்போகுது."

"வெயில்னால பழம் அழுகுதுங்குறீங்க."

மீனம்மாள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "அதத்தான சொன்னேன். இதுல மருமவ வேற எந்நேரமும் போன நோண்டிக்கிட்டு இருக்கா."

"மருமக போனையே பாக்குறது ஒங்களுக்கு வருத்தமா இருக்கு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். அக்கம்பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் கேட்கிற குரலில், "எத்தன வருசமா சார் இப்புடி?" என்றாள்.

"எது?"

"காது."

"எனக்குக் காது நல்லாக் கேக்கும்க்கா," என்றார் பெலிக்ஸ். சொல்லும் நேரம் பார்த்து ஒரு பஸ் ஹாரனை அலறவிட்டுப் போனது.

"நல்லாக் கேக்காதா? பாவமே. அத ஒத்துக்கிறதுக்கே ஒரு மனசு வேணும் சார்."

அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனால் டீக்கடைக்காரர் முத்துராஜ், சர்க்கரை போடவா வேண்டாமா என்று கையால் சைகை காட்டிக் கேட்டார். பெலிக்ஸ் மறுத்துச் சொல்லச் சொல்ல, ஊர் இன்னும் அன்பாக உரக்கப் பேசியது. சனிக்கிழமை திருவரங்குளத்தில் இலவசக் காது முகாம் என்று அவர் சொன்னதுமே மீனம்மாள், "தனியாப் போகாதீங்க, நானும் வாரேன்," என்றாள். முகாம் தனக்கில்லை என்ற உண்மையை இப்போதாவது அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று பெலிக்ஸுக்குத் தெரிந்தது. ஆனால் அவருக்குள் இருந்த விதை வியாபாரி, வியாபாரம் படிகிற நேரத்தில் வாயைத் திறக்காதே என்றான். அவர் திறக்கவில்லை.

முகாமில் காது பரிசோதிக்கும் மோகனப்ரியாவிடம் மீனம்மாளே சிபாரிசு செய்தாள். "இவர மொதல்ல பாரும்மா. நாலு பேரப் பாத்துப் பேசுற உத்தியோகம்."

காதில் மாட்டிய கருவியில் சத்தம் வரும்போதெல்லாம் பெலிக்ஸ் பொத்தானை அழுத்தினார். ஒன்றுகூடத் தப்பவில்லை. பிறகு, "வந்தது வந்தீங்க, நீங்களும் பாத்துக்கங்கக்கா," என்று அவளை உட்காரவைத்தார். மோகனப்ரியா சத்தத்தைக் கூட்டக் குமிழைத் திருகிக்கொண்டே போனாள். மீனம்மாளோ பொத்தானைப் பிடித்தபடி, இன்னும் ஆரம்பிக்கவில்லையா என்பதுபோல இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்த பிறகு பெலிக்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை.

மதியத்துக்குள் அவள் காதில் மிஷினைப் பொருத்திவிட்டார்கள். "அக்கா, கேக்குதா?" என்று பெலிக்ஸ் பழக்கதோஷத்தில் கத்தினார்.

"ஏன் சார் கத்துறீங்க. ஒங்களுக்கு மிஷின் குடுக்கலையா?"

"எனக்கு ஒண்ணுமில்லக்கா. அன்னைக்கே பஸ்ஸு போனப்பறம் நிறுத்திச் சொல்லியிருக்கணும். ஒங்கள இங்க கூட்டிட்டு வரணும்னு பேசாம இருந்துட்டேன். தப்புதான்."

"அப்ப எதுக்கு நான் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னீங்க?"

"ஒங்க பேச்சு எனக்குப் புரியுதுன்னு காட்டுறதுக்கு. பயிற்சில சொல்லிக் குடுத்தாங்க."

"புரிஞ்சாத் தலைய ஆட்டுனாப் பத்தாதா?"

திரும்பும் பஸ்ஸில் அவள் முன் சீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று வாரம் அவள் அவரோடு பேசவில்லை. மிஷினை மட்டும் கழற்றவில்லை என்றாள் காவ்யா. பெலிக்ஸ் வாரம் இரண்டு தடவை கடைக்குப் போய், ஸ்டூலில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். அப்படி ஒருநாள் உட்கார்ந்திருந்தபோது குவைத்திலிருந்து போன் வந்தது. மீனம்மாள் மிஷினுக்கு நேராக வைத்துக் கேட்டாள். "சரிய்யா, ஒடம்பப் பாத்துக்க," என்று வைத்தாள்.

"ஆடிக்கும் லீவு இல்லியாம் சார். ஒரு எழுத்து விடாமக் கேட்டுச்சு. முன்ன மாதிரின்னா, வாரான்னு நெனச்சுக்கிட்டாவது கெடந்திருப்பேன்."

ஆறுதலாக நாலு வார்த்தை பெலிக்ஸின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். மீனம்மாள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இலையில் நாலு சுளை வைத்து அவர் பக்கம் தள்ளினாள்.

திங்கட்கிழமை அலுவலகம் திறந்தபோது அவளே வாசலில் நின்றாள். பின்னால், வரமாட்டேன் என்று வரும் வழியெல்லாம் மல்லுக்கட்டிய முகத்தோடு பக்கத்து வீட்டுப் பிச்சைமுத்து.

"இவருக்கும் சுத்தமாக் கேக்கல சார். கேட்டா ஒத்துக்க மாட்டாரு," என்றாள். "நீங்க சும்மா இருங்க. நான் பேசிக்கிறேன்."

பெலிக்ஸ் இரண்டு நாற்காலிகளை எடுத்துப்போட்டுவிட்டு டீ சொல்லப் போனார்.